சீனத்தின் எழுத்து ஞானி வாங் ஷிஜி

கி.பி. 649ஆம் ஆண்டு. சீன நாட்டுச் சக்கரவர்த்தி தாய்சோங் மரணப் படுக்கையில் கிடந்தார். எத்தனையோ போர்களில் வென்றவர். பெரும் ராஜ்யத்தை ஆண்டவர். பட்டத்துக்கு வரப்போகும் மகனை அருகே அழைத்துத் தமது கடைசி ஆசையைச் சொன்னார்.

பொன் கேட்கவில்லை. ரத்தினம் கேட்கவில்லை. ஒரே ஒரு காகிதத்தைத் தம்மோடு சேர்த்துக் கல்லறையில் வைத்துவிட வேண்டும் என்று கேட்டாராம். மகனால் மறுக்க முடியவில்லை. அந்தக் காகிதம் சக்கரவர்த்தியோடு மண்ணுக்குள் போயிற்று.

அப்படி என்ன இருந்தது அந்தக் காகிதத்தில்? 28 வரிகள், 324 எழுத்துகள். அவ்வளவுதான். அவற்றை எழுதியவர் இறந்து அப்போதே ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் பெயர் வாங் ஷிஜி. எழுத்து ஞானி என்று சீன மக்கள் இன்றும் அவரைப் போற்றுகிறார்கள்.

ஊரை இழந்த குடும்பம்

வாங் ஷிஜி பிறந்தது சுமார் கி.பி. 303ஆம் ஆண்டில். வட சீனாவில், இன்றைய ஷான்தோங் மாகாணத்தில் உள்ள லின்யி அவருடைய சொந்த ஊர். வாங் வம்சம் பெரிய பிரபுக்களின் வம்சம். வீடு, நிலம், ஆள், அம்பு எல்லாம் இருந்தன.

ஆனால் காலம் கெட்ட காலம். அரச குடும்பத்து இளவரசர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டையிட்டு நாட்டை நாசமாக்கினார்கள். அந்தச் சமயம் பார்த்து வடக்கே இருந்த குதிரைவீரர் கூட்டங்கள் பாய்ந்தன. 311இல் தலைநகர் லோயாங் எரிந்தது. பிழைத்தவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு யாங்சி நதியைக் கடந்து தெற்கே ஓடினார்கள். முன்னோர்களின் கல்லறைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? அவை வடக்கிலேயே நின்றுவிட்டன.

வாங் குடும்பமும் நதியைக் கடந்தது. 317இல் இன்றைய நான்ஜிங் நகரில் புதிய அரசு ஏற்பட்டது. அதைத் தாங்கி நின்ற முதல் மந்திரி வாங் தாவோ, ஷிஜிக்குப் பெரியப்பா முறை. ஆனால் ஷிஜியின் தந்தை மகன் வளர்வதைப் பார்க்கவில்லை. தாயும் அண்ணனுமே சிறுவனை வளர்த்தார்கள்.

பையனுக்குப் பேச்சு சரளமாக வராது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கத் தயங்குவான். இவன் பெரிய ஆளாக வருவான் என்று யாரும் நினைக்கவில்லை. அவனுக்கு 13 வயதானபோது சோவ் யீ என்ற பெரிய மனிதர் ஒரு விருந்து கொடுத்தார். வாட்டிய எருதின் இதயம் அந்த விருந்தில் அரிய பண்டம். பெரிய பெரிய விருந்தாளிகள் காத்திருக்க, சோவ் யீ அதை அறுத்து முதல் துண்டை இந்தப் பையனுக்குக் கொடுத்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்று முதல் வாங் ஷிஜி என்ற பெயர் ஊருக்குத் தெரிந்தது.

வெய் அம்மையாரின் பாடம்

பேச்சு வராத பையனுக்குத் தூரிகை வந்தது. அவனுக்கு எழுத்துக் கற்பித்தவர் ஒரு பெண்மணி. வெய் ஷுவோ என்பது அவர் பெயர். வெய் அம்மையார் என்றே சரித்திரம் அவரை அழைக்கிறது. தலைமுறை தலைமுறையாக எழுத்துக் கலையில் பெயர் பெற்ற குடும்பம் அவருடையது.

சீன மொழி எழுத்துக் கூட்டிப் படிக்கும் மொழி அல்ல. ஒவ்வொரு சொல்லுக்கும் தனித் தனி வடிவம் உண்டு. ஆயிரக்கணக்கான வடிவங்கள்! ஆனால் எல்லாம் ஒரு சில கீற்றுகளால் ஆனவை. புள்ளி, படுக்கைக் கோடு, நெடுக்குக் கோடு, இடப்பக்கம் சரியும் கோடு, வலப்பக்கம் சரியும் கோடு, கொக்கி. இவற்றைக் கூட்டிக் குறைத்துத்தான் எழுத்துகள் அமைகின்றன.

எந்தக் கீற்றை முதலில் போடுவது, எதைப் பின்னால் போடுவது என்பதற்கு முறை உண்டு. மேலே இருப்பது முதலில், கீழே இருப்பது பிறகு. இடப்பக்கம் முதலில், வலப்பக்கம் பிறகு. படுக்கைக் கோடும் நெடுக்குக் கோடும் ஒன்றை ஒன்று வெட்டினால் படுக்கைக் கோடு முதலில். இரண்டு பக்கமும் சரியும் கோடுகள் வந்தால் இடப்பக்கச் சரிவு முதலில்.

பத்து என்பதற்கு உரிய எழுத்து, கூட்டல் குறி போல இருக்கும். முதலில் படுக்கைக் கோடு. பிறகு நெடுக்குக் கோடு. மனிதன் என்பதற்கு இரண்டு சரிவுகள். முதலில் இடம், பிறகு வலம். சிறியது என்ற எழுத்தில் நடுக்கோடு முதலில் வரும். அதற்குப் பிறகே இரு பக்கத்துக் கீற்றுகள். நாடு என்ற எழுத்தைச் சுற்றிப் பெட்டி போலக் கோடு உண்டு. மூன்று பக்கச் சுவரை முதலில் எழுப்ப வேண்டும். உள்ளே இருக்க வேண்டியதை வைக்க வேண்டும். கடைசியில்தான் அடிக்கோட்டைப் போட்டு மூட வேண்டும். வீட்டுக்குள் ஆள் நுழைந்த பிறகு கதவை அடைப்பது போல!

எந்தக் கோட்டை முதலில் போட்டால் என்ன, வடிவம் வந்தால் போதாதா என்று தோன்றலாம். நிதானமாக எழுதும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. வேகமாக எழுதும்போதுதான் விஷயம் வெளியாகும். தூரிகை ஒரு கோட்டை முடித்து அடுத்த கோட்டுக்குத் தாவும்போது, மெல்லிய இழை ஒன்று காகிதத்தில் படியும். பத்து என்ற எழுத்தில் படுக்கைக் கோட்டின் வலது நுனியிலிருந்து நெடுக்குக் கோட்டின் தலைக்கு அந்த இழை ஏறும். வரிசையை மாற்றினால் இழை வேறு இடத்தில் விழும். படிப்பவர் திகைத்துப் போவார். வரிசை சரியாக இருந்தால், எவ்வளவு வேகமாக எழுதினாலும், எவ்வளவு சுருக்கினாலும், தெரிந்தவர் படித்துவிடலாம்.

கீற்றுகளை இயற்கையோடு ஒப்பிட்டு விளக்கும் சிறு நூல் ஒன்று வெய் அம்மையார் பெயரில் வழங்குகிறது. புள்ளிக்கு உருண்டு விழும் கல்லும், படுக்கைக் கோட்டுக்குப் பரந்த மேகமும் அதில் உவமைகள். மாணவனின் எழுத்தைப் பார்த்து, இவன் என் புகழை மறைத்துவிடுவான் என்று அம்மையார் கண் கலங்கியதாகக் கதை உண்டு. பையன் இரவும் பகலும் எழுதினான் என்றும், தூரிகை கழுவிய குளத்து நீரே கறுத்துவிட்டது என்றும் சொல்வார்கள். அதுதான் அந்தக் குளம் என்று சீனாவில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் காட்டுகிறார்கள்!

கட்டிலில் கிடந்த மாப்பிள்ளை

ஷீ ஜியான் என்ற பெரிய அதிகாரிக்கு ஒரு மகள். வாங் வீட்டில் மாப்பிள்ளை எடுக்க விரும்பி ஆள் அனுப்பினார். செய்தி தெரிந்ததும் வீட்டு இளைஞர்கள் எல்லாம் உடுத்திக்கொண்டு அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்தார்கள். ஒருவன் மட்டும் கீழ்ப்புறக் கட்டிலில் வயிறு தெரியப் படுத்தபடி எதையோ தின்றுகொண்டிருந்தான். வந்தவர் திரும்பிப் போய் நடந்ததைச் சொன்னார். அந்தக் கட்டில்காரனே நமக்கு வேண்டிய மாப்பிள்ளை என்று ஷீ ஜியான் முடிவு கட்டினார். அவன்தான் வாங் ஷிஜி. இன்றும் சீன மொழியில் மருமகனைக் கீழ்ப்புறக் கட்டில் என்று குறிப்பிடும் வழக்கு உண்டு.

தம்பதிகளுக்கு 7 ஆண் குழந்தைகள், ஒரு பெண். ஆண் பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் தகப்பனாரின் பெயரைப் போலவே ஜி என்ற எழுத்தில் முடிந்தன. மூன்றே கீற்றுகள் கொண்ட எளிய எழுத்து அது. அதைப் பற்றிப் பின்னால் ஒரு சேதி வருகிறது.

வாத்தும் விசிறியும்

வாங் ஷிஜிக்கு வாத்து என்றால் உயிர். அதன் கழுத்து வளைந்து நெளிவதைப் பார்த்தே மணிக்கட்டை அசைக்கக் கற்றார் என்பார்கள். ஒரு கிழவியிடம் இனிமையாகக் கத்தும் வாத்து ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டார். விலைக்குக் கேட்டார், கிழவி கொடுக்கவில்லை. பார்த்தாவது வரலாம் என்று நண்பர்களோடு கிளம்பினார். பெரிய மனிதர் வருகிறாரே என்று கிழவி அந்த வாத்தையே அடித்துச் சமைத்து வைத்துவிட்டாள்! பாவம், அன்று முழுவதும் அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தார்.

இன்னொரு முறை ஒரு துறவி வாத்து மந்தை வளர்ப்பதைக் கண்டார். துறவி பணம் வாங்க மறுத்தார். தமது சமய நூலை எழுதித் தந்தால் மந்தையையே ஓட்டிச் செல்லலாம் என்றார். வாங் ஷிஜி அங்கேயே உட்கார்ந்து எழுதி முடித்து, வாத்துகளைக் கூண்டில் போட்டுக்கொண்டு சந்தோஷமாக வீடு திரும்பினார்.

மூங்கில் விசிறி விற்கும் ஏழைக் கிழவியின் கதையும் உண்டு. அவளுடைய விசிறிகளை வாங்கி ஒவ்வொன்றிலும் 5 எழுத்துகள் எழுதினார் வாங் ஷிஜி. நல்ல விசிறியை அழுக்காக்கிவிட்டாரே என்று கிழவிக்குக் கோபம். வாங் எழுதியது என்று சொல்லி விசிறிக்கு 100 காசு கேள் என்று சொல்லி அனுப்பினார். ஜனங்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். சில நாளில் கிழவி மேலும் விசிறிகளோடு வந்து நின்றாள். அவர் சிரித்தாரே தவிர மறுபடி எழுதவில்லை.

களஞ்சியத்தைத் திறந்தார்

பெரிய உத்தியோகங்கள் அவரைத் தேடி வந்தன. பலவற்றை அவர் மறுத்தார். கடைசியில் வலப்படைத் தளபதி என்ற பட்டத்தையும், குவாய்ஜி பகுதியை நிர்வகிக்கும் பொறுப்பையும் ஏற்றார். இன்றைய ஷாவோஷிங் நகரம் அந்தப் பகுதியில் உள்ளது.

அங்கே பஞ்சம் வந்தது. வாங் ஷிஜி தயங்கவில்லை. அரசாங்கக் களஞ்சியத்தைத் திறந்து ஜனங்களுக்குத் தானியம் கொடுத்தார். வரிச்சுமை தாங்க முடியாதது என்று மேலிடத்துக்கு எழுதினார். வடக்கே படையெடுக்கத் துடித்த யின் ஹாவோ என்ற அதிகாரியைத் தடுத்துக் கடிதம் எழுதினார். குடிகள் வாடும்போது போர் கூடாது என்பது அவர் எண்ணம். யின் ஹாவோ கேட்கவில்லை. படை தோற்றுச் சிதறியது.

ஓடையில் மிதந்த கிண்ணங்கள்

353ஆம் ஆண்டு. வசந்த காலம். மூன்றாம் மாதத்தின் மூன்றாம் நாள். குவாய்ஜியில் லாந்திங் என்ற இடத்தில் 40க்கு மேற்பட்ட நண்பர்களும் உறவினர்களும் கூடினார்கள். வளைந்து ஓடும் ஓடையின் இரு கரையிலும் உட்கார்ந்தார்கள். மதுக் கிண்ணங்களை நீரில் மிதக்க விட்டார்கள். கிண்ணம் யார் முன்னால் நிற்கிறதோ அவர் பாட்டுக் கட்ட வேண்டும். முடியாதவருக்கு அபராதம் 3 கிண்ணம் மது. 26 பேர் பாட்டுக் கட்டினார்கள். மற்றவர்கள் தோற்றார்கள். தோற்றவர்களில் வாங் ஷிஜியின் கடைசி மகன் ஷியான்ஜியும் ஒருவன். அவனுக்கு அப்போது வயது 9 தான்!

அந்தப் பாட்டுகளுக்கு முன்னுரை எழுத வாங் ஷிஜி தூரிகையை எடுத்தார். கூட்டத்தின் களிப்பில் ஆரம்பித்த எழுத்து, மனித வாழ்வின் நிலையாமையில் போய் முடிந்தது. அடித்தும் திருத்தியும் எழுதிய அந்த நகல்தான் பின்னாளில் சக்கரவர்த்தியோடு புதைந்த காகிதம்.

அதில் ஜி என்ற எழுத்து 20 தடவை வருகிறது. அவர் பெயரிலும் அவர் மகன்கள் பெயரிலும் வரும் அதே எழுத்து. 20 தடவையும் 20 விதமாக எழுதினார். ஆனால் கீற்றுகளின் ஓட்டம் தெளிவாக இருப்பதால் ஒன்றிலும் வாசகனுக்குக் குழப்பம் இல்லை. மறுநாள் முதல் பல தடவை அதையே திரும்ப எழுதிப் பார்த்தாராம். முதலில் வந்த அழகு பிறகு வரவே இல்லை.

நடுங்கிய கை

பதவி நீண்ட நாள் நிலைக்கவில்லை. வாங் ஷு என்பவர்மீது அவருக்கு மதிப்புக் கிடையாது. அவரே மேலதிகாரியாக வந்தார். குவாய்ஜி நிர்வாகத்தில் குற்றம் துருவ ஆரம்பித்தார். 355இல் வாங் ஷிஜி உத்தியோகத்தை உதறினார். பெற்றோரின் சமாதி முன் நின்று, இனி அரசுப் பதவி ஏற்பதில்லை என்று சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தைக் கடைசிவரை காப்பாற்றினார்.

தெற்கே இருந்த பெற்றோரின் சமாதி முன் நிற்க முடிந்தது. வடக்கே விட்டு வந்த முன்னோர் கல்லறைகள்? போர்க் குழப்பத்தில் அவை மறுபடியும் பாழாக்கப்பட்டன என்று ஒரு நாள் செய்தி வந்தது. ஓடிப் போய்ப் பார்க்க வழியில்லை. துக்கம் தாளாமல் ஒரு கடிதம் எழுதினார். அதன் பழைய பிரதி ஜப்பான் அரச குடும்பத்துச் சேகரிப்பில் இருக்கிறது.

அதன் முதல் வரிகளில் எழுத்துகள் தனித் தனியாக நிற்கின்றன. போகப் போக வேகம் ஏறுகிறது. கோடு கோட்டோடு ஒட்டுகிறது. எழுத்து எழுத்தோடு சேர்கிறது. துக்கத்தில் கை ஓடியது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் படிக்க முடிகிறது. சிறு வயதில் கற்ற வரிசை அந்த வேதனையிலும் கையை விட்டுப் போகவில்லை.

கடைசி ஆண்டுகளில் மலைகளில் அலைந்தார், மூலிகை தேடினார், தோட்டம் போட்டார். 361இல் காலமானார் என்று கணக்கிடுகிறார்கள்.

கடைசி மகன் ஷியான்ஜியும் எழுத்தில் பெரும் புகழ் பெற்றான். அவனைப் பற்றிச் சீனத் தாய்மார் சொல்லும் கதை ஒன்று உண்டு. பெரியது என்ற எழுத்தை அவன் எழுதிக் காட்டினான். தந்தை பேசாமல் அதற்குக் கீழே ஒரு புள்ளி வைத்தார். அது வேறு எழுத்து ஆயிற்று. பையன் அதைத் தாயிடம் கொண்டு போனான். தாய் உற்றுப் பார்த்து, அந்தப் புள்ளி மட்டும் அப்பாவின் எழுத்துப் போல இருக்கிறது என்றாள். பையன் வெட்கிப் போனான். முற்றத்தில் இருந்த 18 சாடித் தண்ணீரும் மை அரைத்துத் தீரும்வரை எழுதினானாம்.

காகிதம் போயிற்று, கை நின்றது

லாந்திங் முன்னுரை வம்சத்திலேயே வழிவழியாக வந்தது. ஏழாம் தலைமுறையில் ஜியோங் என்ற துறவியிடம் இருந்தது. அவர் ஆயிரம் எழுத்துப் பாட நூலை 800 பிரதிகள் எழுதிக் கோயில்களுக்கு வழங்கினார். அவரிடம் எழுத்துக் கேட்டு வந்தவர்கள் மிதித்து மிதித்து வாசற்படி தேய்ந்ததாம். அதற்கு இரும்புத் தகடு அடித்தார்களாம்.

எப்போதும் என்று பொருள்படும் யோங் என்ற எழுத்தை வைத்து 8 அடிப்படைக் கீற்றுகளையும் கற்பிக்கும் முறை ஒன்று உண்டு. சிலர் அதை வாங் ஷிஜியின் பெயரோடு சேர்க்கிறார்கள்; சிலர் ஜியோங் பெயரோடு சேர்க்கிறார்கள். லாந்திங் முன்னுரையின் முதல் எழுத்தும் யோங்தான்.

ஜியோங்குக்குப் பின் அவர் சீடர் பியான்சாயிடம் காகிதம் சேர்ந்தது. தாய்சோங் கேட்டபோது தம்மிடம் இல்லை என்று சாதித்தார் பியான்சாய். சக்கரவர்த்தி ஷியாவோ யீ என்ற தந்திரசாலியை அனுப்பினார். அவர் ஏழைப் படிப்பாளி வேஷம் போட்டு வந்து, சிநேகமாகி, காகிதம் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு, அதைக் கவர்ந்து சென்றார் என்பது வழிவழி வந்த கதை.

தாய்சோங் ஒரு நல்ல காரியம் செய்தார். அதைப் பிரதி எடுக்கச் செய்தார். மூலத்தின்மீது மெல்லிய காகிதத்தை வைத்து, ஒவ்வொரு கீற்றின் விளிம்பையும் மயிரிழைக் கோட்டால் வரைந்து, நடுவே மை நிரப்பினார்கள். அப்படி எடுத்ததாகக் கருதப்படும் புகழ்பெற்ற பிரதி ஒன்று பெய்ஜிங் அரண்மனைக் காட்சிச் சாலையில் இருக்கிறது. மூலம் கல்லறைக்குள் போயிற்று. வாங் ஷிஜி தம் கையால் எழுதியது என்று ஐயமில்லாமல் சொல்லத் தக்க ஒரு காகிதம்கூட இன்று உலகில் இல்லை.

ஆனால் அவர் கை போன வழி தெரியும். பிரதியில் உள்ள இழைகளைப் பார்த்தால் தூரிகை எங்கே இறங்கியது, எங்கே தாவியது என்று சொல்லிவிடலாம். அந்த வழியிலேயே 1,600 ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்கள் தங்கள் கையையும் ஓட்டிப் பழகுகிறார்கள்.

கீற்று வரிசை எல்லா இடத்திலும் ஒன்று அல்ல. அரசன் என்ற பொருள் கொண்ட வாங் என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதுதான் அவர் குடும்பப் பெயர். மூன்று படுக்கைக் கோடுகள், நடுவே ஒரு நெடுக்குக் கோடு. சீனப் பள்ளிகளில் இரண்டு படுக்கைக் கோடுகளுக்குப் பிறகு நெடுக்குக் கோடு போடுவார்கள். ஜப்பானியப் பள்ளிகளில் ஒரு படுக்கைக் கோடு போட்டதுமே நெடுக்குக் கோடு வந்துவிடும். ஜப்பானியக் கல்வி அமைச்சு 1958இல் ஆசிரியர்களுக்குக் கீற்று வரிசைக் கையேடு வெளியிட்டது. சீன அரசு 1997இல் 7,000 எழுத்துகளுக்கு வரிசை வகுத்தது. 2020இல் அதை 8,105 எழுத்துகளுக்கு விரித்தது.

சட்டங்கள் பின்னால் வந்தவை. வழியைக் காட்டியது கை. பேச்சுத் திக்கிய ஒரு சிறுவன், ஊரை இழந்த குடும்பத்துப் பிள்ளை, புள்ளியும் கோடுமாகக் கற்ற பாடத்தை வாழ்நாள் முழுவதும் கைவிடவில்லை. சக்கரவர்த்தி காகிதத்தைத்தான் கொண்டு போக முடிந்தது. அந்தக் கையின் வழியை, ஒரு சீனக் குழந்தை தூரிகை பிடித்து யோங் என்ற எழுத்தின் முதல் புள்ளியை வைக்கும்போது இன்றும் காணலாம்.